இருவர் எடை

தோல் மடிப்பை அளக்கும் இடுக்கியான காலிப்பரை ஒப்படைத்துவிட்டு, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் எங்கள் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் கவிதா போன் செய்தாள். புது மெஷின் வந்திருக்கிறதாம். ஏறி நின்று இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் போதும், உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம், தசை எத்தனை, தண்ணீர் எத்தனை என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடுமாம். நீங்களெல்லாம் ஒவ்வொருத்தரையும் கிள்ளிக் கிள்ளி எப்படி எடுத்தீர்கள், எங்கள் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள். நிற்க முடியாதவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அவங்களுக்கு எடை மட்டும்தான் மேடம். அம்மாவத் தூக்கிக்கச் சொல்லி..." என்று ஆரம்பித்தாள். நான் போனை வைத்துவிட்டேன். பாவம், அவள் மேல் என்ன தப்பு. அரைமணி நேரம் கழித்து நானே கூப்பிட்டு, எழுதித் தருகிறேன் என்றேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் வேலையைச் சொன்னால் கல்யாண வீடுகளில் சிரிப்பார்கள். புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்று மூன்று கொம்யூன் பஞ்சாயத்திலும் வீடு வீடாகப் போய், அறிவு வளர்ச்சி குறைந்த பெரியவர்களின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. இதற்கெல்லாம் ஒரு உத்தியோகமா என்று என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். வலிப்பு மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு ஊதிப்போகிறவர்கள் உண்டு. நாலு சுவருக்குள் வருடக்கணக்காக உட்கார்ந்தே கனத்துப்போகிறவர்கள் உண்டு. சத்தமில்லாமல் உருகிப்போகிறவர்களும் உண்டு. வயிறு வலிக்கிறது, பசிக்கிறது, விழுங்க முடியவில்லை என்று இவர்களால் சொல்ல முடியாது. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு கூடுவதையும் குறைவதையும் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்களில் எனக்கு 'கிள்ளுற சிஸ்டர்' என்று பெயர். நான் நர்ஸும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் சிஸ்டர்தான்.

பயிற்சி மூன்று மாதம். எட்டுப் பேர் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டோம். கையின் பின்பக்கமெல்லாம் கன்றிப்போய், வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பேன். எட்டுப் பேரில் வருடக் கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர்.

எங்களுக்கு மேலே இருந்தவர் பத்மினி டாக்டர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஆம்பளைகள் கட்டுகிற பெரிய வாட்ச். யாரையும் சத்தம் போட்டுப் பேச மாட்டார். அளவெடுத்த தாளில் தப்பு தெரிந்தால் அதை வாங்கி நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு புதுத் தாள் ஒன்றை நீட்டுவார். "மறுபடி." அவ்வளவுதான். ஒரு நாளில் என் தாள் ஆறு அந்தப் பைக்குள் போயிருக்கிறது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பஸ்ஸில் அழுதுகொண்டே போயிருக்கிறேன்.

அளப்பதற்கு நாலு இடம். கையின் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே. எல்லாம் வலது பக்கம்தான். தோள் நுனியிலிருந்து முழங்கை வரை டேப் வைத்து, நடுவில் மை பேனாவால் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு விரல் மேலே தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடித்து, சதையைவிட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். மடிப்பில் காலிப்பரின் இரண்டு பல்லையும் வைத்துக் கைப்பிடியை விட்டுவிட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். எண்ணாமல் பார்த்தால் கூடக் காட்டும், ரொம்ப நேரம் வைத்திருந்தால் மடிப்பு அமுங்கிக் குறைத்துக் காட்டும். மூன்று முறை எடுத்து நடு எண்ணை எழுத வேண்டும். சதவீதம் கண்டுபிடிக்க ஒரு அட்டவணை இருந்தது. அந்த அட்டவணை இந்த மாதிரி உடம்புகளைப் பார்த்துப் போட்டது இல்லை, அதனால் சதவீதத்தைச் சும்மா எழுதி வை, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் மில்லிமீட்டர் எப்படி மாறியிருக்கிறது என்று மட்டும் பார் என்பார் டாக்டர்.

ஆனால் இதெல்லாம் கையால் செய்கிற வேலை, யாரும் கற்றுக்கொள்ளலாம். அவர் சொல்லிக் கொடுத்த வேறு சில உண்டு. வீட்டுக்குள் போனதும் காலிப்பரை எடுத்து அந்த ஆளிடமே கொடுத்துவிட வேண்டும். முதலில் நம்மை அவர்கள் கிள்ளிப் பார்க்க வேண்டும். அப்புறம் அவர்கள் அம்மாவை. அப்புறம்தான் நாம் அவர்கள் கையைத் தொடலாம். எண்ணை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. 'குண்டு', 'ஒல்லி' என்ற வார்த்தை அந்த வீட்டில் நம் வாயில் வரக்கூடாது. கையை இழுத்துக்கொண்டால், அதுதான் அவர்கள் சொல்லும் பதில், பையை மூடிக்கொண்டு கிளம்ப வேண்டும். கரியமாணிக்கத்தில் முப்பத்தெட்டு வயது ஆள் ஒருவர் மூன்று முறை கையை இழுத்துக்கொண்டார். மூன்று முறையும் டாக்டர் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஒரு அளவுக்காகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு நாலாவது தடவையா என்று டிரைவர் முணுமுணுத்தார். நாலாவது தடவை அவரே சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சேதராப்பட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே கம்பெனியில் ஷிப்ட். இருபத்தைந்து வயது மகனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, நாலு பாக்கெட் பிஸ்கட்டும் டிவியும் வைத்துவிட்டுப் போவார்கள். முதுகு மடிப்பு காலிப்பரின் வாயில் அடங்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. வெளியே வந்து, பெத்தவங்களா இவங்க என்று கேட்டேன். டாக்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டே, "நீ இந்த வூட்ல ஒரு நாள் இருந்து பாத்தியா" என்றார். அப்புறம் திரும்ப உள்ளே போய், பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைக்க முடியுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தார். அதை நான் அன்றைக்கே மனதில் வைத்திருக்க வேண்டும்.

இனி எடை. நிற்கத் தெரிந்தவரை மெஷினில் நிறுத்திவிடலாம். நிற்க முடியாதவரை அம்மாவோ அண்ணனோ தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். தாளில் அதற்கு மூன்று கட்டம். தூக்குபவர் எடை, இருவர் எடை, வித்தியாசம். முதலில் தூக்குபவர் தனியாக ஏற வேண்டும், பிறகு சேர்ந்து. இரண்டும் அதே நாள், அதே மெஷின், அதே புடவை. இதில் டாக்டர் பிடிவாதம். தூக்குகிறவர் நடுவில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால்கூடத் திரும்ப ஏற்றுவார்.

டாக்டர் ஓய்வு பெற்று மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், வீட்டுக்கு வீடு எத்தனை நிமிஷம் என்று மட்டும் கணக்குப் பார்ப்பார். காலிப்பர் அளவு ஆளுக்கு ஆள் மாறும், எடைதான் கெட்டியானது என்பது அவர் கட்சி. எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. முள்ளைப் பார்க்கக் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. என் கையை நானே நம்பாமல் போனது அந்த நேரத்தில்தான்.

அஞ்சலை வீடு பாகூர் பக்கம் ஒரு சின்ன ஊரில். ஊர் பேர் வேண்டாம். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடம். நாற்று நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று கிடைத்ததைச் செய்வாள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்று எப்போதும் போட்டிருப்பாள். எதிர் வீட்டில் தம்பி ஏழுமலை, டிராக்டர் ஓட்டுகிறவன். மகள் கெஜலட்சுமிக்கு இருபத்தெட்டு வயது. நடக்க வராது, பேச்சு வராது, கை கால் குச்சியாக விறைத்திருக்கும். அம்மா மட்டும் அவளுக்குத் தெரியும். அம்மா இரண்டு அடி தள்ளிப் போனால் தன் மணிக்கட்டைத் தானே கடிக்க ஆரம்பிப்பாள். வேலைக்குப் போகிற நேரத்தில் ஏழுமலையின் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயில் துணியைச் சுருட்டி வைத்திருப்பாள்.

முதல் தடவை விதிப்படிதான் செய்தேன். கெஜாவைப் பாயில் படுக்க வைத்துவிட்டு அஞ்சலை தனியாக ஏறினாள். ஐம்பத்தொன்று நானூறு. அந்த ஒரு நிமிஷத்துக்குள் கெஜா மணிக்கட்டில் ரத்தம் வருகிற மாதிரி கடித்துக்கொண்டாள். அஞ்சலை ஓடிவந்து தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினாள். எண்பத்திரண்டு அறுநூறு. ஆக கெஜா முப்பத்தொன்று இருநூறு. கையின் பின்பக்க மடிப்பு பதினொரு மில்லிமீட்டர். அதற்கு அப்புறம் அழுகையை அடக்கவே முக்கால் மணி நேரம் ஆனது.

நாலு மாதம் கழித்துப் போனபோது, "நீ தனியா ஏற வேணாம் அஞ்சல, போன தபா எடை என்கிட்ட இருக்கு" என்று நானே சொன்னேன். அவளுக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தேன். எனக்கு அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மகளைத் தூக்கிக்கொண்டு நேராக ஏறினாள். எழுபத்தொன்பது எண்ணூறு. பழைய எடையைக் கழித்து கெஜா இருபத்தெட்டு நானூறு என்று எழுதினேன். மூன்று கிலோ போயிருக்கிறது. மடிப்பு அதே பதினொன்றில்தான் இருந்தது. கெஜா கையை உதறிக்கொண்டே இருந்தாள், நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பொண்ணு இளைத்துப்போயிருக்கிறாள், நீ என்ன போடுகிறாய் என்று அஞ்சலையைக் கேட்டேன். காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் குழம்பும் பிசைந்து, ராத்திரி பால் சோறு என்றாள். முட்டை இரண்டாகக் கொடு, நெய் விடு, அவள் தட்டில் கூட வை என்று கடிந்து சொன்னேன். சரி சிஸ்டர், சரி சிஸ்டர் என்று தலையை ஆட்டினாள். என் பேச்சுக்கு அந்தத் தெருவில் அவ்வளவு மரியாதை இருந்தது.

மூன்றாவது தடவை நான் போனபோது மழை விட்டிருந்தது. அஞ்சலை மகளைத் தூக்கியதும் தள்ளாடினாள். முழங்கையைப் பிடித்தேன். மெஷினில் நிற்கும்போது நான் தொட்டால் எடை தப்பாகிவிடும் என்று உடனே கையை எடுத்துக்கொண்டேன். எழுபத்தைந்து அறுநூறு. கழித்தால் இருபத்துநாலு இருநூறு. எட்டு மாதத்தில் ஏழு கிலோ. மடிப்பை எடுத்தேன், பதின்மூன்று வந்தது. ஏழு கிலோ குறைந்த உடம்பில் மடிப்பு எப்படிக் கூடும்? என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த எண்ணைப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதினேன்.

அப்போது அஞ்சலை ஒன்று சொன்னாள். மகளைக் கீழே விட்டதும் பிடித்த சுவரை விடாமலே சொன்னாள்.

"ரொம்ப கனமாயிட்டா சிஸ்டர். முன்ன மாரி தூக்க முடியல."

என் காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா? எடை குறைந்துகொண்டே வருகிற பெண்ணைக் கனம் என்கிறாளே, பொய் சொல்கிறாள் என்று விழுந்தது. தூக்க முடியவில்லை, அதனால் சோற்றைக் குறைத்துவிட்டாள், பொண்ணு லேசானால் தன் இடுப்புக்குச் சுகம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அப்படி நடக்காமல் இல்லை, என் சர்வீஸில் இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். அதனால் சட்டென்று நம்பிவிட்டேன். அஞ்சலையின் முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கன்னம் ஒட்டி, சட்டைக் காலருக்குள் கழுத்து குச்சியாக நின்றதாம். அப்புறம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்தது தாளையும் மெஷினையும் கெஜாவையும்தான்.

வெளியே வந்தபோது குழாயடியில் நாலு பேர் இருந்தார்கள். ஏழுமலை டிராக்டர் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்து, இன்னா சிஸ்டர் என்று கேட்டான். எண்ணை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று இருபது வருடம் காத்த விதியை அன்றைக்கு விட்டேன். எட்டு மாதத்தில் ஏழு கிலோ, ஒங்கக்கா அதுக்குச் சோறு போடறாளா இல்லியான்னு நீயே கேளு என்றேன். அத்தனை பேர் எதிரிலும் சொன்னேன்.

ரிப்போர்ட் எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு, தெளிவாக எழுதினேன். பராமரிப்பவரே வேண்டுமென்று உணவைக் குறைப்பதாகத் தெரிகிறது, உடனே பிரிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. பத்து நாளில் வேன் வந்தது. கெஜாவைச் சேதராப்பட்டு பக்கத்தில் ஒரு இல்லத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அன்று அங்கே இல்லை. அஞ்சலை வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் சோறு போடறேன், நான் சோறு போடறேன் என்று அதையே சொல்லிக்கொண்டு தெருமுனை வரை ஓடி விழுந்தாளாம். கெஜா கத்திய கத்து மெயின் ரோடு வரை கேட்டதாம். யாரும் அஞ்சலையைத் தூக்கிவிட வரவில்லை. பெத்த பொண்ணைப் பட்டினி போட்டவள் என்று அன்றிலிருந்து பேர் ஆகிவிட்டது. தம்பி அவளோடு பேச்சை நிறுத்தினான், தம்பி பெண்டாட்டி எதிரே வந்தால் வாசலைச் சாத்திக்கொண்டாள்.

இல்லத்தில் நாற்காலியோடு எடை பார்க்கிற மெஷின் உண்டு. இரண்டு வாரம் கழித்து நான்தான் அளக்கப் போனேன். கெஜாவை உட்கார வைத்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கட்டு. முப்பத்திரண்டு எண்ணூறு காட்டியது.

மெஷின் கெட்டிருக்கிறது என்றேன். அவர்கள் சமையலறையிலிருந்து பிரிக்காத பத்து கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பத்து காட்டியது. இரண்டு வாரத்தில் இவர்கள் எட்டரை கிலோ ஏற்றிவிட்டார்களா என்று அப்போதும் என் புத்தி இடக்காகத்தான் போனது. மடிப்பை எடுத்தேன். கெஜா கையை உதறவில்லை, துவண்டு கிடந்தாள். மூன்று முறையும் பதின்மூன்று.

தாளின் பின்பக்கம் கழித்துப் பார்த்தேன். எழுபத்தைந்து அறுநூறில் முப்பத்திரண்டு எண்ணூறு போனால் நாற்பத்திரண்டு எண்ணூறு. அது அஞ்சலை. இளைத்தது அவள். எட்டு மாதமாக அவள்தான் இளைத்துக்கொண்டிருந்தாள், நான் அவள் குறைவை அவள் மகள் பேரில் எழுதிக்கொண்டிருந்தேன். அதோடு விட்டேனா? மகளுக்குக் கூடப் போடு என்று நான் சொன்னதும் தன் தட்டிலிருந்து எடுத்து அவளுக்குப் போட்டிருக்கிறாள். அவள் இன்னும் இளைத்தாள், நான் இன்னும் திட்டினேன். கனமாயிட்டா என்று அவள் சொன்னது நிஜம், மகள் கொஞ்சம் கனத்தும் இருந்தாள், இவளுக்குத் தெம்பும் போயிருந்தது.

அங்கிருந்தே பத்மினி டாக்டருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"மொத தடவைக்கு அப்பறம் அந்த அம்மாவ ஒரு தடவையாவது தனியா நிக்க வெச்சியா?"

இல்லை டாக்டர் என்றேன். உடனே போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கு அப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஆட்டோ பிடித்து ஊருக்குப் போனேன். பட்டப்பகலில் அஞ்சலை கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். மெஷினை வைத்து ஏறச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் ஏறினாள். நாற்பது இருநூறு. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஒரு வருடமாகவே இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது, வேலை மும்முரத்தில் பார்க்கவில்லை என்றாள். எப்படியும் தனக்கு இறங்கவில்லை, அதுவாவது தின்னட்டும் என்று முட்டையெல்லாம் கெஜாவுக்கே ஊட்டியிருக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரைப்பையில் கட்டி. கல்லீரல் வரை போய்விட்டது, நாலைந்து மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார்கள். நாலைந்து மாதம் முன்னால் அவளுக்குப் பக்கத்தில் எடை மெஷினோடு நின்றுகொண்டிருந்தவள் நான்தான்.

வார்டில் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்காமல், நான் செய்த தப்பு இது என்று சொன்னேன். திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அப்ப எம் பொண்ணு எளைக்கலியா?"

"இல்ல அஞ்சல. கூடத்தான் இருக்கா."

அவள் அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் சொன்னதை அவளும் நம்பியிருக்கிறாள். தன் கையால் பிசைந்து ஊட்டிய சோறு எங்கே போகிறது, எங்கே தப்பு செய்கிறேன் என்று மாதக்கணக்கில் புழுங்கியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில் அம்மாவை எழுப்பி, எம் பொண்ணு எளைக்கலியாம் என்று சொன்னாள். கெஜாவை இங்கே அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பார்த்தால் தூக்கத் தோணும், தூக்க முடியாது என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க தெருவுல வந்து இத சொல்லிடு சிஸ்டர். எந்தம்பிகிட்ட சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். நிஜமாகவே சொல்லும் எண்ணத்தோடுதான் சொன்னேன். ஆபீஸில் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மேலிடத்திலிருந்து திருத்தின ரிப்போர்ட் வெளியே போகிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள், வழக்கு கிழக்கு என்று போகும், ரிடையர் ஆகிற நேரத்தில் உங்களுக்கு எதற்கு என்றார் டாக்டர் இடத்துக்கு வந்த சார். எனக்கு ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. பயந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. ஏழுமலை ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பன்னும் பாலும் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே போகாமல் நின்றிருந்தான். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னான். நானும் வணக்கம் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிவிட்டேன். அஞ்சலை ஒவ்வொரு தடவையும், சொல்லிட்டியா சிஸ்டர் என்று கேட்பாள். அடுத்த வாரம் என்பேன். மூன்று முறை கேட்டாள். நாலாவது தடவை நான் போனபோது கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள்.

கெஜா இப்போதும் அந்த இல்லத்தில்தான் இருக்கிறாள். நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறாளாம். வேலையில் கடைசியாக நான் அளந்தபோது இருபத்தைந்து கிலோ, மடிப்பு ஏழு.

அஞ்சலையின் கருமாதிக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை, நானேதான் போனேன். வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். தெரு முழுக்க இருந்தது. அன்று குழாயடியில் நின்ற பெண்களும் இருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று சொன்னேன். அஞ்சலை தன் மகளைப் பட்டினி போடவில்லை. கெஜா ஒரு கிராம்கூட இளைக்கவில்லை. இளைத்தது அஞ்சலை, தன் சோற்றையும் மகளுக்குத்தான் போட்டாள். நான் எடையைத் தப்பாகப் போட்டேன். கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஏழுமலை பந்தி பரிமாறுகிற இடத்தில் நின்றிருந்தான். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"சோறு போட்டேன்னு அவளுந்தான் சிஸ்டர் சொன்னா. வூடு வூடா வந்து சொன்னா. நாங்க ஒங்களத்தான் நம்புனோம்."

சொல்லிவிட்டுக் குனிந்து எனக்கு ஒரு இலை போட்டான்.